இரண்டாவது அழைப்பு

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
4.1.2007

தம்பி ரொபேருக்கு,

புது வருஷ வாழ்த்தைப் போனிலேயே சொல்லிவிட்டேன். நீயும் அவசர அவசரமாக "ஒனக்கும்தான்க்கா" என்று சொல்லி வைத்துவிட்டாய். இது வேறு விஷயம்.

போனில் பேச முடியாததற்குக் காரணம் உனக்கே தெரியும். என் மாமியாருக்கு இடுப்பெலும்பு உடைந்ததிலிருந்து கூடத்துக் கட்டில்தான் கதி. போன் அவர் தலைமாட்டில் இருக்கிறது. அங்கே பிரான்சிலோ நீயும் என் வீட்டுக்காரரும் ஒரே குடியிருப்பில் இருக்கிறீர்கள், கம்ப்யூட்டரும் ஒன்றுதான். பிரெஞ்சில் எது எழுதினாலும் அவர் கண்ணில் பட்டுவிடும். தமிழ் என்றால் பேசுவாரே தவிர ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா மகனாகப் பிறந்து, அப்பாவோடு ஊர் ஊராகப் போய்ப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் மட்டுமே படித்ததில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அது. நீயும் தமிழிலேயே பதில் எழுது. மேஜைமேல் கிடந்தாலும் பயமில்லை.

போன வெள்ளிக்கிழமை அவர், அதான் உன் மாமா, போன் செய்தார். குரலே சரியில்லை. தோண்டித் தோண்டிக் கேட்டேன். அந்த சிமுலேட்டரில் நாலு பேரும் ஒரு பாலத்தைத் தாக்கப் போனீர்களாம், அவர் செத்துப்போனாராம். "செத்தா இன்னா, பொம்மை விமானந்தானே" என்றேன். செத்தது பெரிதில்லையாம். அதற்கப்புறம் மூன்று மணி நேரம் எல்லாரையும் உட்கார வைத்து, சுவரில் அவர் போன வழியைக் கோடாகப் போட்டுக் காட்டி, கடைசியில் ஒரு சிலுவைக் குறியையும் போட்டு, அவரைவிடப் பத்து வயது சின்னவன் ஒருத்தன், "நீங்க எதைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டானாம். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம். நீ பக்கத்திலேயே இருந்துகொண்டு இதைக் கவனிக்கவில்லையா?

விமானப் படையிலேயே வேறு பிரிவில் எட்டு வருஷம் இருந்துவிட்டுப் போர் விமானத்துக்குத் தாமதமாக வந்தவர் அவர். ஏற்கெனவே ஒரு தடவை திருப்பி அனுப்பினார்கள். இந்தத் தடவையும் முடியாது என்றால் அதோடு சரி. அவர் பறக்கும் உடுப்பில் எடுத்த படத்தை என் மாமியார் ஏசுவின் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறார். தெருவில் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டுகிறார்.

அந்த நாலு பேருக்கும் நீதான் தலைவன் என்கிறார். உனக்கு அவர் மாமா, உன்னைவிட ஏழு வயது மூத்தவர். நாம் பெண் கொடுத்த வீடு, ரொபேர். நாலு பேர் முன்னால் அவரைத் தாழ்த்தாதே. தப்பு நடந்தால் வீட்டில் தனியாகக் கூப்பிட்டுச் சொல். அக்கா இதுவரை உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

உன் மருமகள் சபினுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. நீ அனுப்பிய கம்பளிக் குல்லாயை இந்த ஊர் வெயிலில் போட்டுக்கொண்டு அலைகிறாள்.

எலிஸபெத்


18.1.2007

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. செவ்வாய்க்கிழமை எங்களுக்கு மறுபடி சிமுலேட்டர். ஒரு நாள் தாமதமாக வந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்தக் கூட்டத்தைப் பற்றி நீ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறாய். இங்கே அதை தெப்ரிஃப் என்பார்கள். ஒன்றரை மணி நேரம் பறந்தால் மூன்று மணி நேரம் பேச்சு. பறப்பதே அந்தப் பேச்சுக்காகத்தான் என்று எங்களுக்குப் பயிற்சி தருகிற அதிகாரி, கொம்மாந்தான் மொர்கான் சொல்லுவார். அந்த அம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும், பென்சிலைக் கடித்துக்கொண்டே இருப்பார். அறை வாசலில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. உள்ளே போகிறவர்கள் எல்லாரும் தோளில் இருக்கிற பதவிச் சின்னத்தைப் பிய்த்து அதில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அந்த அம்மாளும் போடுவார். உள்ளே பெரியவன் சின்னவன் கிடையாது, பெயரும் கிடையாது. ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர், அவ்வளவுதான். நான் ஒன்று, மாமா இரண்டு, ஃபாபிரிஸ் மூன்று, அவனோடு பறக்கிற பையன் நாலு. யார் செய்தது என்று யாரும் கேட்பதில்லை. என்ன பார்த்தாய், என்ன முடிவு செய்தாய், என்ன செய்தாய், இந்த மூன்றுதான் கேள்வி. அன்று அந்தப் பையன் மாமாவைக் கேட்டதும் அதைத்தான். அவமானப்படுத்தக் கேட்கவில்லை.

நடப்பது இதுதான். குண்டை விட்டதும் எதிரி ஏவுகணை கிளம்பும். உடனே நான் ரேடியோவில் "ப்ரேக்" என்பேன். சொன்ன மாத்திரத்தில் இரண்டாம் நம்பர் விமானத்தை ஒடித்துத் திருப்ப வேண்டும். மாமா திருப்புவதில்லை. நேராகவே போகிறார். முதல் தடவை ஆறு நொடி போனார். செவ்வாய்க்கிழமையும் ஆறு நொடி. சுவரில் அவர் கோடு நேராகப் போய் நின்றது.

ஆகவே நீ கேட்கிற காரியம் இங்கே நடக்காது என்று உனக்கு எழுத நினைத்திருந்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் உள்ளே போனேன். கொம்மாந்தான் டேப்பை நிறுத்திவிட்டு, "இரண்டாம் நம்பர், இங்கே என்ன பார்த்தீங்க?" என்று கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். பதவிச் சின்னத்தை டின்னில் போட்டுவிட்டு வந்துவிடலாம் அக்கா. உன் கல்யாணத்தில் அவர் என் கையைப் பிடித்து மோதிரம் போட்டுவிட்டதை எந்த டின்னில் போடுவது?

"அது என் தப்பு" என்று சொல்லிவிட்டேன். "முதல் அழைப்புக்குத் திரும்ப வேண்டாம், நான் இரண்டாவது தடவை சொன்னால்தான் திரும்பணும்னு புறப்படறதுக்கு முன்னால நான்தான் அவர்கிட்ட சொல்லியிருந்தேன். சொன்னதை நானே மறந்துட்டேன்" என்றேன். அது டேப்பில் இருக்காது. யாரும் சரிபார்க்க முடியாது.

கொம்மாந்தான் என் பெயரில் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டார். மாமா அன்று நன்றாகச் சாப்பிட்டார்.

இனிமேல் இப்படிக் கேட்காதே.

ரொபேர்


முத்தியால்பேட்டை
31.1.2007

என் தங்கத் தம்பிக்கு,

உன் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். மாமா போனில் சிரிக்கிறார்! கல்யாணமான புதுசில் சிரித்த மாதிரி. ஏப்ரலில் ஆப்கானிஸ்தானுக்குப் போகிற அணியில் அவர் பெயரும் இருக்கும் போலிருக்கிறது என்றார். என் மாமியார் அதைக் கேட்டதிலிருந்து கட்டிலில் சாய்ந்து உட்கார ஆரம்பித்துவிட்டார். எதிர்வீட்டு ராஜாங்கம், இந்தோசீனாவில் சண்டை போட்டேன் என்று ஐம்பது வருஷமாகக் கதை சொல்கிறவர், அவரே வந்து விசாரித்துவிட்டுப் போனார். ஜூலை பதினாலாம் தேதி பிரெஞ்சு விழாவில் பழைய சொல்தாக்கள் கடற்கரை நினைவுச் சின்னத்துக்கு மெடல் குத்திக்கொண்டு போகும்போது தன் மகனையும் முன்வரிசையில் நிறுத்துவார்களா என்று மாமியார் அவரிடம் கேட்கிறார்.

உனக்கு மாங்காய் ஊறுகாயும் அதிரசமும் ஃபாபிரிஸின் அம்மா இங்கே சுற்றிப் பார்க்க வருகிறாராம், அந்த வெள்ளைக்கார அம்மா திரும்பும்போது கொடுத்தனுப்புகிறேன். முழுதும் உனக்குத்தான். மாமாவுக்குக் கொஞ்சம் கொடு.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். மனசில் உறுத்திக்கொண்டிருக்கிறது. நேற்று அவரிடம் போனில், "அன்னிக்கு ஏன் நேராவே போனீங்க?" என்று விளையாட்டாகக் கேட்டேன். "ஒன் தம்பிதான் ரெண்டாவது தடவை சொல்ற வரைக்கும் திரும்பாதீங்கன்னான். அப்புறம் அவனே மறந்துட்டான். சின்னப் பையன், இன்னா பண்றது" என்றார். குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை. உன்மேல் கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தார்.

நீ எனக்காகப் பொய் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அவரோ அப்படியே நடந்தது மாதிரி பேசுகிறார். நீ நிஜமாகவே அப்படிச் சொல்லியிருந்தாயா? சொல்லியிருந்தால் எழுது, நிம்மதியாக இருப்பேன்.

எலிஸபெத்


17.2.2007

அக்கா,

நான் அப்படிச் சொல்லவே இல்லை.

உன் கடிதத்தைப் படித்த அன்று அவரிடமே கேட்டேன். சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். "மாமா, நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்றேன். "மாடிப்படியில வர்றப்ப சொன்னியே" என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். அன்று மாடிப்படியில் நாங்கள் சேர்ந்தே வரவில்லை. அவர் பொய் சொல்லவில்லை அக்கா, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நான் கொடுத்ததை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டுவிட்டார்.

இன்னொன்றும் நடந்துவிட்டது. கொம்மாந்தான் எதையும் வீணாக எழுதிவைப்பதில்லை. நான் சொன்ன தப்பிலிருந்து ஒரு பாடம் எடுத்துவிட்டார். "தலைவர் ஒரு தடவை அழைத்தால் குழப்பம் வருகிறது. ஆகவே இனி இரண்டு அழைப்பு. முதலாவது எச்சரிக்கை, இரண்டாவதுக்குத் திரும்ப வேண்டும்." இதைத் தட்டச்சு செய்து, அறைச் சுவரில் மற்றப் பாடங்களோடு ஒட்டியிருக்கிறார். எங்கள் நாலு பேருக்கு மட்டும் இல்லை. இந்தத் தளத்தில் இருக்கிற பன்னிரண்டு பேரும் இனி அப்படித்தான் பறக்க வேண்டும்.

இதற்குப் பிறகு சிமுலேட்டரில் மூன்று தடவை பறந்தோம். இப்போது நான் "ப்ரேக்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டுக் காத்திருக்கிறேன். ஏவுகணை காத்திருப்பதில்லை. இரண்டாவது தடவை சொல்கிறேன். ஃபாபிரிஸோடு பறக்கிற பையன், முன்பெல்லாம் சொல்லுமுன் திரும்புகிறவன், இப்போது நல்ல பிள்ளையாக இரண்டாவதுக்காகக் காத்திருந்து போன வாரம் செத்தான். மாமா இரண்டாவதுக்கும் திரும்புவதில்லை. ஏழு நொடி. அப்புறம் எட்டு. முந்தாநாள் ஒன்பது. ஒவ்வொரு தடவையும் நான் ஏதாவது ஒரு காரணம் சொல்கிறேன். ரேடியோ கரகரத்தது என்றேன். சூரியன் கண்ணில் பட்டது என்றேன். எனக்கே கேட்கக் கூசுகிறது.

டேப்பைத் தனியாகப் போட்டுப் பார்த்தேன். குண்டு விழுகிற இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கை அசையவில்லை. மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

ஏப்ரல் இரண்டாம் தேதி அணி புறப்படுகிறது. அங்கே சுவரில் கோடு போட்டுக் காட்ட மாட்டார்கள். மார்ச் பதினாலாம் தேதி கடைசிப் பரிசோதனை. அன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடட்டுமா? சொன்னால் அவர் வாழ்க்கையில் இனிப் போர் விமானத்தில் உட்கார முடியாது. நீ சொல்லாமல் நான் செய்ய மாட்டேன். நீ ஆரம்பித்தது என்று குற்றம் சொல்லவில்லை. என்னால் தனியாக இதைச் சுமக்க முடியவில்லை.

ரொபேர்


முத்தியால்பேட்டை
28.2.2007

ரொபேர்,

வேண்டாம். சொல்லாதே. உனக்கென்ன பைத்தியமா? இத்தனை தூரம் வந்த பிறகு அவரைத் தள்ளிவிடுவதற்கு நீ யார்? வீட்டில் உட்கார வைத்துப் பேசு. நல்ல டாக்டரிடம் கூட்டிப் போ. ஒரு தலைவன் என்றால் தன் ஆளுக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரிய வேண்டாமா? உனக்குப் பொறாமையோ என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. சின்ன வயதிலிருந்தே எல்லாவற்றிலும் நீதான் முதலில் நிற்க வேண்டும் உனக்கு.

2.3.2007

மேலே எழுதியதைக் கிழித்துப் போட நினைத்தேன். போடவில்லை. நான் எப்படிப்பட்டவள் என்று நீயும் தெரிந்துகொள்.

"கை அசையவில்லை" என்று நீ எழுதியிருக்கிறாயே, அது என்னை இரண்டு நாளாக எந்த வேலையும் செய்யவிடவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கொடுத்த கணக்கையே மறுபடியும் கொடுத்தேன். உனக்கு ஒன்று சொல்கிறேன். இதை யாருக்கும் சொன்னதில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொல்லவில்லை.

சுனாமி அன்றைக்கு, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை, மீன் வாங்கப் பிள்ளைச்சாவடிக் கடற்கரைக்குப் போனோம். அவர் லீவில் வந்திருந்தார். சபின் என் இடுப்பில். மீன்காரன் அம்மாவாசைதான் எப்போதும் நமக்கு வஞ்சிரம் எடுத்து வைப்பான். பேசிக்கொண்டிருக்கும்போதே கடல் உள்ளே போய்விட்டது. தரை தெரிந்தது, மீனெல்லாம் துடித்தது. அப்புறம் தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. அம்மாவாசை, "ஓடுங்கம்மா, ஓடுங்க" என்று கத்திக்கொண்டே ஓடினான். நான் திரும்பி ஓடினேன். பத்தடி போய்ப் பார்த்தால் இவர் பின்னால் வரவில்லை. அங்கேயே நிற்கிறார், கையில் பையோடு, அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு. பெயர் சொல்லிக் கத்தினேன். முதல் தடவையாகப் புருஷன் பெயரைத் தெருவில் கத்தினேன். அசையவில்லை. பிள்ளையையும் தூக்கிக்கொண்டு திரும்பிப் போய், சட்டையைப் பிடித்து இழுத்தேன். பொத்தான் பிய்ந்து வந்தது. அப்போதுதான் ஓடி வந்தார். மேட்டுக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது நாங்கள் நின்ற இடத்தில் தண்ணீர் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் அம்மாவிடம், "ரெண்டு பேரையும் நான்தான் இழுத்துக்கிட்டு ஓடியாந்தேன்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. லீவில் வந்த மனுஷர், அம்மா முகத்தில் அத்தனை பெருமை. தெருவே அவரைக் கொண்டாடியது. ஒரு மாதத்துக்குள் அவரே அதை நம்பிவிட்டார். நானும் பாதி நம்பிவிட்டேன்.

நீ செய்ததை உனக்கு முன்னால் செய்தவள் நான்தான். அன்று நான் உண்மையைச் சொல்லியிருந்தால் ஒருவேளை அவரே யோசித்திருப்பார்.

சொல்லிவிடு. அந்த அறையிலேயே, எல்லார் முன்னாலும் சொல். வீட்டில் தனியாகச் சொன்னால் அவர் அதையும் வேறு மாதிரி ஆக்கிக்கொள்வார். என்னை நினைத்து இரக்கப்படாதே. இந்தக் கடிதம் பதினாலாம் தேதிக்குள் வந்து சேர வேண்டும் என்று தந்தி ஆபீஸ் பக்கத்தில் இருக்கிற கூரியர்காரனிடம் கெஞ்சிவிட்டு வந்திருக்கிறேன்.

எலிஸபெத்


19.3.2007

அக்கா,

சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் பன்னிரண்டாம் தேதி வந்தது. பதினாலாம் தேதி பறந்தோம். அதே பள்ளத்தாக்கு, அதே பாலம். நடுவில் ஒரு தடவை பத்து நொடி; அன்று பதினொரு நொடி நேராகப் போனார். இந்தத் தடவை ஏவுகணை அவரை விட்டுவிட்டு, அவருக்காகக் காத்திருந்த என்னைப் பிடித்தது.

அறையில் டேப் ஓடி நின்றது. கொம்மாந்தான் கேட்பதற்கு முன் நான் எழுந்தேன். "நான் இரண்டாம் நம்பரிடம் எப்போதும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு அழைப்பு என்பது நான் கட்டிய கதை. ஐந்து தடவை பொய் சொல்லியிருக்கிறேன்" என்றேன். மாமா உடனே பிரெஞ்சில், "இல்லை, மாடிப்படியில் சொன்னான்" என்றார். கொம்மாந்தான் என்னைப் பார்த்து, "சொன்னீங்களா?" என்றார். இல்லை என்றேன். மாமாவைப் பார்த்து, "அவர் சொன்னாரா?" என்றார். மாமா என் பக்கம் திரும்பினார். அப்புறம் தமிழில், அந்த அறையில் வேறு யாருக்கும் புரியாத தமிழில், "ஏண்டா, இங்கியாடா சொல்லணும்?" என்றார்.

அவ்வளவுதான். எழுந்து வெளியே போய்விட்டார்.

கொம்மாந்தான் சுவரில் இருந்த அந்தக் காகிதத்தைக் கிழித்தார். பிறகு மற்றவர்களை அனுப்பிவிட்டு என்னை உட்கார வைத்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "குண்டு விழுவதைப் பார்த்து உறைந்து போவது நிறையப் பேருக்கு வரும். எனக்கே வந்தது. முதல் நாளே சொல்லியிருந்தால் மூன்று வாரப் பயிற்சியில் சரிபண்ணியிருப்பேன். இப்போது மூன்று வாரம் இல்லை. அவரே ஏற்றுக்கொள்ளவும் மாட்டார். அவருக்கு வந்ததற்கு மருந்து இருந்தது. நீங்கள் செய்ததற்கு என்னிடம் மருந்து இல்லை" என்றார். தலைவர்கள் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். பறக்கவும் தடை. எவ்வளவு காலம் என்று தெரியாது. அது எனக்கு வேண்டியதுதான்.

மூன்று வாரம், அக்கா. ஜனவரியில் நான் வாயைத் திறந்திருந்தால் பிப்ரவரியில் மாமா சரியாகியிருப்பார்.

இதை எழுதத் தயங்கித்தான் ஐந்து நாள் தள்ளிப்போட்டேன். அன்று மாலை நான் வீட்டுக்கு வந்தபோது அவர் அலமாரி காலி. கார் இல்லை. கைப்பேசியை எடுக்கவில்லை. முறைப்படி லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார், அதற்குமேல் எனக்குச் சொல்ல முடியாது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். துணிமணி எல்லாம் எடுத்துப் போனவர், சபின் படத்தை மட்டும் மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். உனக்குப் போன் செய்தாரா? எனக்கு ஒரு வரி எழுது. இல்லை, போனே செய். உன் மாமியார் கேட்டாலும் பரவாயில்லை.

ரொபேர்


முத்தியால்பேட்டை
29.3.2007

ரொபேர்,

போன் வரவில்லை. பதினைந்து நாளாக வரவில்லை. "எம் புள்ள ஏன் பேசல?" என்று மாமியார் கேட்கும்போதெல்லாம் பயிற்சியில் இருக்கிறார் என்று சொல்கிறேன். பொய் சொல்ல எனக்கு நன்றாகவே வருகிறது.

சபின் படத்தைக் கவிழ்த்து வைத்தார் என்று எனக்கு ஏன் எழுதினாய்? நேற்றுச் சந்தைக்குப் போகிறேன் என்று கிளம்பி, பஸ் மாறி ஏறி, தவளக்குப்பத்தில் இறங்கி நின்றேன். எங்கே போக வந்தேன் என்றே தெரியவில்லை.

சொல் என்று நான்தான் சொன்னேன். அது ஞாபகம் இருக்கிறது. ஆனால் அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் உன் முகத்தில் விழிக்க மாட்டேன். நியாயம் இல்லைதான். ஆனாலும் அப்படித்தான்.

எ.


8.4.2007, உயிர்த்த ஞாயிறு

அக்கா,

இன்று கோவிலுக்குப் போனேன், பூசை முடிவதற்குள் எழுந்து வந்துவிட்டேன்.

அணி இரண்டாம் தேதி போய்விட்டது. எங்கள் இரண்டு பேருக்குப் பதில் வேறு இரண்டு பேர். ஃபாபிரிஸ் போகுமுன் கைகொடுக்கவில்லை. அந்த நாலாம் நம்பர் பையன் மட்டும் தள்ளி நின்று தலையசைத்தான். என்னை உதிரிபாகக் கிடங்கில் பெட்டி எண்ண விட்டிருக்கிறார்கள்.

மாமாவின் சித்தப்பா வீடு மர்செய்யில் இருக்கிறது அல்லவா, அங்கே போய்ப் பார்த்தேன். வந்தாராம். பத்து நாள் இருந்தாராம். யாரோடும் பேசாமல் துறைமுகத்தில் கப்பல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம். பிறகு ஒரு நாள் காலை, யாருக்கும் சொல்லாமல் கிளம்பிவிட்டார். காரை அவர்கள் வாசலிலேயே விட்டுவிட்டார். சாவி உள்ளேயே இருந்தது. சித்தப்பா அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நேற்றுப் போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உயரம், நிறம், கழுத்தில் மச்சம் எல்லாம் கேட்டார்கள். "உறவு?" என்று கேட்டபோது "மாமா" என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு பிரெஞ்சில் மாற்றிச் சொன்னேன்.

ஏதாவது தெரிந்தால், நல்லதோ கெட்டதோ, எனக்கு உடனே சொல். உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

ரொபேர்


முத்தியால்பேட்டை
22.4.2007

தம்பி,

அவர் வந்துவிட்டார்.

பெரிய வெள்ளிக்கிழமையே வந்துவிட்டார். நீ போலீசில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது இங்கே கூடத்தில்தான் படுத்திருந்தார். இரண்டு வாரமாக வேண்டுமென்றேதான் உனக்குச் சொல்லவில்லை. நான் பட்டதை நீயும் கொஞ்சம் பட வேண்டும் என்று நினைத்தேன். பிறகு உன் கடிதம் வந்தது. படித்துவிட்டு எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. மன்னித்துக்கொள், அல்லது மன்னிக்காதே.

அன்று மத்தியானம் சிலுவைப்பாதைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மெட்ராஸ் டாக்சி ஒன்று வாசலில் நின்றது. பத்து கிலோ இளைத்து, தாடியோடு இறங்கினார். சபின் யாரோ என்று பயந்து ஓடிவிட்டாள். "வந்துட்டேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாராம். மாமியார் சுவரில் இருக்கிற அவர் படத்தைக் கழற்றவில்லை, ஆனால் வருகிறவர்களுக்குக் காட்டுவதையும் விட்டுவிட்டார். ராஜாங்கம் எதிர்ப்பக்கமாக நடந்து போகிறார்.

பிள்ளைச்சாவடி விஷயத்தை அவரிடம் சொன்னேன். உட்கார வைத்து, பொத்தான் பிய்ந்தது வரைக்கும் சொன்னேன். அவருடைய கொம்மாந்தான் கேட்கிற மாதிரியே, என்ன பார்த்தீங்க என்று கேட்டேன். முதலில் கத்தினார், தட்டைத் தூக்கி எறிந்தார். மூன்றாம் நாள் தானாகவே வந்து, "அம்மாவாசை கத்துனது காதுல வுழுந்திச்சி. காலு வரல" என்றார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

அதனால் உன்னை மன்னித்துவிட்டார் என்று நினைக்காதே. உன் பெயரை எடுத்தால் எழுந்து போய்விடுகிறார். இந்த வீட்டில் நீ கால் வைக்கக்கூடாது, கடிதம் வரக்கூடாது, நான் எழுதவும் கூடாது என்கிறார். சபின் வளர்ந்து, கோவிலில் முதல் நற்கருணை வாங்கும் புது நன்மைக்கும் நீ வர முடியாது. இதற்குச் சரி என்று சொல்லிவிட்டேன். ஆகவே இது கடைசிக் கடிதம். எனக்கு இருக்கிறது ஒரே தம்பி. இதை எழுதும்போது எனக்கு எப்படி இருக்கிறது என்று நீயே நினைத்துப் பார்த்துக்கொள். ஊறுகாய் டப்பாவைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

தினமும் ஒரு தடவையாவது, "ஒன் தம்பி என்னக் கொன்னுட்டான்" என்கிறார். நேற்று மீன் குழம்பு வைத்திருந்தேன். தட்டை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டே, வாய் நிறையச் சோற்றோடு சொன்னார். இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டேன். சொல்லட்டும் ரொபேர். தலை நரைத்து, பல் விழுந்து, சபினுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டும் அவர் அதையே சொல்லட்டும்.

எலிஸபெத்